இல்லாத கை

1. காடவர்கோன் தேடி வந்த கோயில்

காஞ்சிபுரத்தில் எல்லாம் தயார். கைலாசநாதருக்குக் கற்றளி எழும்பிவிட்டது, குடமுழுக்குக்கு நாளும் குறித்தாயிற்று. முந்தின இரவு பல்லவ அரசனின் கனவில் சிவன் வந்து, நாளைக்குத் தன்னால் வர இயலாது, விழாவைத் தள்ளி வை என்கிறார். திருநின்றவூரில் பூசலார் என்ற அடியவர் நெடுநாள் பாடுபட்டு ஒரு கோயில் கட்டியிருக்கிறாராம். அதே நாளில் அங்கே குடிபுக வேண்டுமாம். அரசனுக்குத் தூக்கம் போயிற்று. தன் கற்றளியை முந்திக்கொண்ட அந்தக் கோயிலைப் பார்த்தே தீருவது என்று புறப்பட்டு வந்து, ஊருக்குள் நுழைந்து விசாரிக்கிறான். பூசலாரா, அவர் இங்கே கோயில் எதுவும் கட்டவில்லையே என்கிறார்கள் ஊரார்.

பூசலாரைத் தேடிப் பிடித்துக் கேட்டால் மனிதர் வெலவெலத்துப் போகிறார். ஊர் ஊராக அலைந்தும் பொருள் சேரவில்லை, அதனால் மனசுக்குள்ளேயே கட்டினேன் என்கிறார். சேக்கிழார் அந்தக் கட்டுமானத்தை ஒரு மேஸ்திரி சரிபார்க்கும் அளவுக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறார்: நாள் பார்த்து அடித்தளம் இட்டது, விமானம், சிகரம், சுதை வேலை, மதில், கிணறு, குளம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பெரிய புராணம் காடவர்கோன் என்று குறிப்பிடும் அந்த அரசனை ராஜசிம்மன் என்று அடையாளம் காண்பது வழக்கம். திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் கல்லிலேயே இருக்கிறது; நெஞ்சு நோய்க்காரர்கள் வேண்டுதலோடு வந்து போகிறார்கள்.

மூளை ஆராய்ச்சி பற்றிய தொடரை இந்த ஊரில் தொடங்க எனக்கு ஒரு காரணம் உண்டு. வெளியே கையால் தொட முடியாத ஒன்று, ஒரு மனிதனுக்குள் முழு அளவோடு நிற்க முடியுமா? சேக்கிழாருக்கு அது அன்பைப் பற்றிய கேள்வி. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, இங்கிருந்து ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எட்டிவிடும் ராயபுரத்தில் மருத்துவம் படித்த ஒருவருக்கு அது நரம்பைப் பற்றிய கேள்வி ஆயிற்று.

இரண்டாவது காரணம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. காலை மின்சார ரயிலில் திருநின்றவூரில் ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள். அம்பத்தூர் எஸ்டேட், ஒரு பக்கம் திருமழிசை, மறுபக்கம் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர், வடக்கே தள்ளிக் கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் பவர் பிரஸ் ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும். டை இறங்கும் வேகத்துக்கு முன் கை பின்வாங்க நேரம் கிடையாது. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும் பட்டன் வைத்த மெஷின்கள் உண்டு, சென்சார் உண்டு. எண்ணிக்கை ஏற வேண்டும் என்று அவற்றைச் செயலிழக்க வைத்து ஓட்டும் இடங்களும் உண்டு. ஒரு விரல், இரண்டு விரல், சில நேரம் மணிக்கட்டு வரை. இ.எஸ்.ஐ.யில் தையல் பிரித்து, நஷ்டஈட்டுக்கு மனு எழுதி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் விசித்திரம் தொடங்குகிறது. போன விரல் அரிக்கிறது. போன கை வலிக்கிறது. வீட்டில் சொன்னால் பிரமை என்பார்கள். ரொம்பச் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

வடசென்னையில் கை நசுங்கியவர்களை அள்ளிக்கொண்டு ஓடும் இடம் ஸ்டான்லி. 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை என்பதால் பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களில் கைக்கென்றே தனி அறுவைச் சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்தார். வடசென்னைத் தொழிற்சாலைகளின் கைகள் அவரிடம் வந்து சேர்ந்தன. அதே வளாகத்தில், அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், பிற்காலத்தில் உலகமெங்கும் இல்லாத கைகளின் மருத்துவர் என்று அறியப்பட்டார். இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு காட்சி எழுத எனக்கும் கை துறுதுறுக்கிறது. அது நாவலாசிரியர் வேலை, விட்டுவிடுகிறேன்.

விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன். 1951-ல் பிறந்தவர். தாத்தா அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்தவர். தாய்மாமன் அல்லாடி ராமகிருஷ்ணன், 1962-ல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அப்பா ஐ.நா. நிறுவனத்தில் பொறியாளர், அதனால் பள்ளிப் படிப்பு சென்னையிலும் பாங்காக்கிலுமாக நடந்தது. வசதியான குடும்பம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டான்லியில் அவர் செய்த முதல் ஆராய்ச்சிக்கு வசதி எதுவும் தேவைப்படவில்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பேலா யூலெஷ் என்பவர் புள்ளிகளை மட்டும் வாரி இறைத்த இரண்டு படங்களை உருவாக்கியிருந்தார். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே அது வெறும் புள்ளிக் குப்பை. இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினால் நடுவில் ஒரு சதுரம் மிதந்து எழும். ஒரு கண்ணுக்கு ஒரு நிறத் தாளும் மறு கண்ணுக்கு வேறு நிறத் தாளும் வைத்தால் இரண்டு நிறமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், கண்கள் ஒத்துப்போகா. அப்போது அந்தச் சதுரம் என்ன ஆகும்? ராமச்சந்திரனும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவரும் பார்த்தார்கள். நிறச் சண்டை நடக்கிறது, சதுரமும் கலையாமல் மிதக்கிறது. ஆழத்தைக் கணிக்கும் வேலையும் நிறத்தை ஒன்றாக்கும் வேலையும் மூளைக்குள் வெவ்வேறு வழியில் நடக்கின்றன என்று அர்த்தம். எழுதி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1972-ல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. அவருக்கு வயது இருபது.

பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம், கொஞ்ச காலம் கால்டெக், 1983-ல் சான் டியேகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகம். 1980கள் முழுக்கப் பார்வை ஆராய்ச்சிதான். நிழல் தீட்டிய வட்டத்தை நாம் மேடாகப் பார்ப்பதா குழியாகப் பார்ப்பதா என்பதை, வெளிச்சம் மேலிருந்து வருவதாக மூளை எடுத்துக்கொள்ளும் அனுமானம் முடிவு செய்கிறது என்று காட்டிய 1988 கட்டுரை பாடப்புத்தகத்தில் ஏறியது. இந்தப் பாதையிலேயே போயிருந்தால் மதிப்பான பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார். நமக்குத் தொடர் கிடைத்திருக்காது.

1991-ல் அவர் கையில் ஒரு கட்டுரை கிடைத்தது. பத்தாண்டுகள் கோர்ட்டுப் படியேறிய குரங்குகளைப் பற்றியது. அந்தக் குரங்குகளின் கையில் உணர்வு செத்துப் பல வருஷமாயிற்று. மூளையில் அந்தக் கைக்கு உரிய இடம் அமைதியாகக் கிடக்க வேண்டும். அது பதில் சொன்னது. ஆனால் அந்தக் குரங்குகளை எங்கே தொட்டபோது?

(அடுத்த வாரம்)

2. பஞ்சுக் குச்சி

பதிலுக்கு முன்னால் பழைய கதை கொஞ்சம்.

1797-ல் டெனரீஃப் தீவுச் சண்டையில் நெல்சனின் வலது கை போயிற்று. இல்லாத கையை உணர்ந்த அவர், கை அழிந்தும் இருக்கிறது என்றால் உடல் அழிந்தும் ஆன்மா இருக்கும் என்று வாதாடியதாகச் சொல்வார்கள். கடற்படைத் தளபதிக்கு அது போதும், டாக்டர்களுக்குப் போதவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பிலடெல்பியாவில் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல், தான் கண்டதை மருத்துவ இதழில் எழுதக் கூசினார். 1866-ல் 'அட்லாண்டிக்' மாத இதழில் பெயர் போடாமல் ஒரு சிறுகதையாக எழுதினார். நான்கு உறுப்பையும் இழந்த ஜார்ஜ் டெட்லோ என்ற டாக்டர்; கடைசியில் ஆவியை அழைக்கும் கூட்டத்தில், மியூசியத்தில் சாராய ஜாடியில் கிடக்கும் தன் கால்கள் வந்து சேர, தட்டுத்தடுமாறி நடக்கிறார். வாசகர்கள் அதை நிஜம் என்று நம்பி அவருக்குப் பணம் அனுப்பினார்கள். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இது பொறாமை தரும் செய்தி. ஐந்து வருஷம் கழித்து, 1871-ல், மிட்செல் துணிந்து அதே விஷயத்தைக் கட்டுரையாக எழுதியபோதுதான் 'மாய உறுப்பு' என்ற பெயர் நிலைத்தது.

காரணம்? வெட்டுப்பட்ட நரம்பு முனை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது, அதிலிருந்து தப்புத் தப்பாகச் செய்தி போகிறது என்றார்கள். அதனால் மிச்சக் கையை இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார்கள். தண்டுவடத்துக்குள் போகும் நரம்பையே அறுத்துப் பார்த்தார்கள். பலருக்கு வலி திரும்ப வந்தது. பிரச்சினை கையில் இல்லாதபோது கையை எத்தனை தடவை வெட்டி என்ன?

மான்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவைச் சிகிச்சையாளர் மூளையைத் திறந்து, நோயாளி விழித்திருக்கும்போதே மின்முனையால் தொட்டு, எங்கே உணர்கிறாய் என்று கேட்டுக்கொண்டே போனார். 1937-ல் அவர் குழு வெளியிட்ட வரைபடத்தில் உடம்பு முழுவதும் மூளையின் மேல் ஒரு பட்டையாகப் பரந்து கிடந்தது. வரிசை மட்டும் கோணல். கைக்கு ஒரு பக்கம் மேல்கையும் தோளும். மறுபக்கம் கழுத்து வர வேண்டும் அல்லவா? வரவில்லை. முகம் வந்தது. மூளைக்குள் கையும் கன்னமும் அண்டை வீட்டுக்காரர்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் மருத்துவ மாணவர்கள் இந்தப் படத்தைப் பரீட்சைக்கு வரைந்தார்கள். அதைக் கொண்டு ஒரு கையிழந்தவரைப் பரிசோதிக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது குரங்குகள். மேரிலாண்டில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் எட்வர்ட் டாப் என்பவர் குரங்குகளின் கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகளை அறுத்து, அவை அந்தக் கையைப் பயன்படுத்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1981-ல் உள்ளே வேலைக்குச் சேர்ந்த ஒரு விலங்குநல ஆர்வலர் அங்கிருந்த கோலத்தைப் படமெடுத்துப் போலீசில் கொடுத்தார். குரங்குகள் கைப்பற்றப்பட்டன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. படங்களைப் பார்த்தவர்கள் அந்த ஆய்வகத்துக்குப் பரிந்து பேச மாட்டார்கள், நானும் பேசவில்லை. ஆனால் வரலாறு நல்லவர் கெட்டவர் பட்டியல் போட விடுவதில்லை. இதே டாப்தான் பின்னாளில், பக்கவாதம் வந்தவரின் நல்ல கையைக் கட்டிப்போட்டு, விழுந்த கையை வேலை வாங்கும் பயிற்சியை உருவாக்கினார்.

கருணைக் கொலைக்கு முன், மயக்க நிலையில் அந்தக் குரங்குகளின் மூளையை டிம் பான்ஸ் என்பவரின் குழு அளந்து பார்த்தது. நரம்பை அறுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தாண்டியிருந்தன. கையைத் தொட்டால் மூளையில் சலனமில்லை. முகத்தைத் தொட்டார்கள். கைக்கு உரிய பகுதி படபடவென்று பதில் சொன்னது. வளர்ந்த மிருகத்தின் மூளையில் எல்லை நகர்ந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நகரும் என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. இங்கே 10 முதல் 14 மில்லிமீட்டர்.

திருநின்றவூர்ப் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உரிமையாளர் வந்து பார்க்காத மனைக்குள் பக்கத்து மனைக்காரர் வேலியை நகர்த்திவிட்டார். கையின் மனையில் முகம் குடியேறிவிட்டது.

கட்டுரையைப் படித்தவர்களில் பலர் மில்லிமீட்டரைப் பார்த்து வியந்தார்கள். ராமச்சந்திரன் வேறொன்றைக் கவனித்தார். முகத்தைத் தொட்டபோது குரங்கு எதை உணர்ந்தது? முகத்தையா, கையையா? குரங்கைக் கேட்க முடியாது. மனிதனைக் கேட்கலாம்.

கார் விபத்தில் கையை இழந்து நான்கே வாரம் ஆன பதினேழு வயதுப் பையன் ஒருவன் அவரிடம் வந்தான். கண்ணைக் கட்டி உட்கார வைத்தார். கருவி என்று சொன்னால் காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று. உடம்பில் அங்கங்கே தொட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார். கன்னத்தைத் தொட்டார். கன்னத்தைத் தொடுகிறீர்கள் என்றான். கூடவே, இல்லாத கையின் கட்டைவிரலையும் தொடுகிறீர்கள் என்றான். மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். தாடைப் பக்கம் சுண்டு விரல். முகத்தின் மேல் ஒரு முழுக் கையின் வரைபடமே கிடந்தது. வெட்டுப்பட்ட இடத்துக்குச் சற்று மேலே, மேல்கையில், இரண்டாவதாக இன்னொரு வரைபடம். முகத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை வழிய விட்டால், இல்லாத கையிலும் வெதுவெதுப்பாக வழிகிறது.

1992-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மூளையின் காந்த அலைகளைப் படம்பிடிக்கும் கருவியைக் கொண்டு 1994-ல் செய்த ஆய்வும் வேலி நகர்ந்திருப்பதாகவே காட்டியது. போன விரல் அரிக்கிறது என்று புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை, பைத்தியமும் இல்லை என்று சொல்ல உலகத்துக்கு ஒரு பஞ்சுக் குச்சி தேவைப்பட்டது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அதன் செலவுக் கணக்குதான். இதை ஸ்டான்லியின் எந்த வார்டிலும், எந்த வருஷத்திலும் செய்திருக்கலாம்.

ஆனால் அரிப்பு வேறு, வலி வேறு. வரைபடம் வரைந்து காட்டியதால் வலி போய்விடாது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தோளிலிருந்து கைக்கு வரும் நரம்புக் கொத்து பிய்ந்துபோன ஒருவர் சான் டியேகோவுக்கு வந்தார். செயலிழந்த கையை ஒரு வருஷம் தூளியில் தொங்கவிட்டிருந்தார், பிறகு அகற்றினார்கள். பத்து வருஷம் ஆயிற்று. அவருடைய மாயக் கை அசையவே அசையாது. கோணலாக விறைத்து நின்று வதைத்தது. இருக்கும் கை முடங்கினால் புரிகிறது. இல்லாத கை எப்படி முடங்கும்?

ராமச்சந்திரன் மாத்திரை எழுதவில்லை. ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவரச் சொன்னார்.

(அடுத்த வாரம்)

3. கண்ணாடிக்குள் அசைந்த விரல்கள்

மேல்மூடி இல்லாத பெட்டி. நடுவில் நிறுத்தி வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. முன்பக்கம் கை நுழைய இரண்டு ஓட்டை. நல்ல கையை ஒரு ஓட்டையில் நுழைத்து, இல்லாத கையை மறு ஓட்டையில் நுழைப்பதாக நினைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நல்ல கையின் பிம்பம், போன கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். மொத்தச் செலவு சில டாலர்.

அவர் போட்ட கணக்கு இது. கை முடங்கியிருந்த அந்த ஒரு வருஷமும், அசை என்று மூளை ஆணையிடும் ஒவ்வொரு முறையும், அசையவில்லை என்று கண் திருப்பிச் சொன்னது. ஆணை, மறுப்பு, ஆணை, மறுப்பு. கடைசியில் மூளை முடக்கத்தைப் பாடமாகவே கற்றுக்கொண்டது. கையை அகற்றிய பிறகும் பாடம் அழியவில்லை. அப்படியானால் கண்ணைக் கொண்டே அதை அழிக்கலாம். அசைந்தது என்று கண் ஒரு பொய் சொன்னால் போதும்.

இரண்டு கையையும் சேர்த்து அசையுங்கள், கண்ணாடியைப் பாருங்கள் என்றார். அந்த மனிதர் கத்திவிட்டார். பத்து வருஷத்தில் முதல் முறையாகக் கை அசைகிறது. கண்ணை மூடச் சொன்னார். மறுபடியும் விறைத்துவிட்டது. திறந்தால் அசைகிறது. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினார். மூன்று வாரம் கழித்துத் தகவல் வந்தது: மாயக் கையைக் காணோம். முழங்கையும் முன்கையும் அவற்றின் வலியும் மறைந்து, விரல்கள் மட்டும் தோளில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இல்லாத கையை வெட்டி எடுத்த முதல் அறுவைச் சிகிச்சை என்று ராமச்சந்திரன் தமாஷாகச் சொல்வதுண்டு.

முஷ்டி இறுகி, நகம் உள்ளங்கையில் குத்துவதாகத் தவித்தவர்கள் உண்டு. கையே இல்லாதவர் அந்த முஷ்டியை எப்படி விரிப்பார்? கண்ணாடியில் நல்ல கையை விரித்துப் பார்த்ததும் சிலருக்கு அந்த முஷ்டியும் விரிந்தது. 1995-ல் 'நேச்சர்', 1996-ல் ராயல் சொசைட்டியின் இதழ். இரண்டிலும் அவர் மனைவி டயான் ரோஜர்ஸ் ராமச்சந்திரன் கூட்டாசிரியர். 1998-ல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயோடு சேர்ந்து எழுதிய 'ஃபேண்டம்ஸ் இன் தி பிரெய்ன்' புத்தகம் இந்தக் கதைகளைப் பொதுமக்களிடம் கொண்டுபோயிற்று. 2003-ல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவு, 2007-ல் பத்ம பூஷண். பரிசுகளை இதோடு விடலாம். கண்ணாடி போன தூரம்தான் பெரிது.

இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து கால் இழந்து திரும்பிய வீரர்களை வாஷிங்டனின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் மூன்று குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி. ஒரு குழுவுக்குத் துணி மூடிய கண்ணாடி. மூன்றாவது குழு கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் காலை அசைக்க வேண்டும். தினம் 15 நிமிடம், 4 வாரம். முடித்தவர்கள் 18 பேர். கண்ணாடிக் குழுவின் ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மற்ற இரண்டு குழுக்களில் பெரும்பாலோருக்குக் குறையவில்லை. அவர்களில் ஒன்பது பேரைக் கண்ணாடிக்கு மாற்றியதும் எட்டுப் பேருக்குக் குறைந்தது. 2007-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. பக்கவாதத்துக்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்கள். 2018-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்தபோது 62 ஆய்வுகள், 1,982 நோயாளிகள். விழுந்த கையின் அசைவு ஓரளவு தேறுகிறது என்பது முடிவு. ஒரு காலை இழந்த கனடாக்காரர் ஸ்டீபன் சம்னர், சைக்கிளில் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு, கண்ணிவெடியில் கால் போனவர்களைத் தேடிக் கம்போடிய கிராமங்களுக்கே போனார்.

இங்கேயே நிறுத்திவிட்டால் நம்மூர்ப் பையன் வென்ற கதை. ஆனால் ஒரு விஞ்ஞானியின் செல்வாக்கை அளக்க, அவரை மறுக்க யார் யார் மெனக்கெட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

முதல் சிக்கல் 1995-லேயே வந்தது. ஜெர்மனியில் ஹெர்ட்டா ஃப்ளோர் குழுவினர், வேலி எவ்வளவுக்கு நகர்ந்ததோ அவ்வளவுக்கு மாய வலி அதிகம் என்று கண்டார்கள். அப்படியானால் எல்லையைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதுதான் சிகிச்சை. கண்ணாடி செய்வதும் அதுவாகத்தான் இருக்கும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு வருஷம் இது கிட்டத்தட்டப் பாடமாகவே இருந்தது.

2013-ல் ஆக்ஸ்ஃபர்டில் டாமர் மாக்கின் வேறு விதமாகக் கேட்டார். இதுவரை எல்லோரும் முகத்தைத் தொட்டே கையின் மனையைப் பார்த்தார்கள். கையிழந்தவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, இல்லாத கையை அசையுங்கள் என்று சொன்னால்? சொன்னார்கள். கையின் பழைய இடமே பளிச்சென்று எரிந்தது. அதிகம் வலிப்பவருக்கு அந்த இடம் இன்னும் கெட்டியாக இருந்தது. பட்டா கையின் பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் உள்ளேதான் குடியிருந்திருக்கிறார், வெளியே வந்து யாரும் கதவைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் ஓட்டை இருந்தது. இந்த ஆய்வுகள் எல்லாமே கை போன பிறகு எடுத்தவை. முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாமல் மாறியது, மாறவில்லை என்று எப்படிச் சண்டை போடுவது? கை போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் வேண்டும். அப்படி அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த மூன்று பேரை மாக்கினும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். கை இருக்கும்போதே விரல் விரலாக அசைக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். கையை எடுத்த பிறகு, ஐந்து ஆண்டு வரை, திரும்பத் திரும்ப எடுத்தார்கள். 2025-ல் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் முடிவு வெளிவந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் எது முன், எது பின் என்று பிரித்துச் சொல்வது கடினம். உதடு கையின் இடத்துக்குள் நுழையவே இல்லை.

அப்படியானால் அந்தப் பதினேழு வயதுப் பையனின் கன்னத்தில் கட்டைவிரல் எங்கிருந்து வந்தது? அவன் உணர்ந்தது உணர்ந்ததுதான். அதை யாரும் மறுக்கவில்லை. வேலி நகர்ந்ததால் வந்தது என்ற விளக்கம்தான் ஆட்டம் கண்டிருக்கிறது. முன்பே இருந்து அடங்கிக் கிடந்த இணைப்புகளாக இருக்கலாம், மூளைப் பட்டைக்கு வரும் வழியிலேயே நடக்கும் கலப்பாக இருக்கலாம். மூன்று பேரை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, ராமச்சந்திரன் கதையைத் தொடங்கியதும் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளோடுதான் என்பதை நினைவூட்டலாம்.

அதுவே அவருடைய பலம், அதுவே அவருடைய பலவீனம் என்பது என் கணிப்பு. ஒரே நோயாளியை உற்றுப் பார்த்து, மற்றவர் கேட்காததைக் கேட்பார். கேள்வி பெரும்பாலும் பொன்னாக இருக்கும். பதிலைச் சில நேரம் அவசரமாகத் தூக்கி வைத்துவிடுவார். நாம் ஒன்றைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் கண்ணாடி நியூரான்கள் என்ற மூளைச் செல்களைப் பற்றி 2000-த்தில் அவர் எழுதியபோது, உயிரியலுக்கு டி.என்.ஏ. எப்படியோ உளவியலுக்கு இவை அப்படி ஆகும் என்றார். ஆட்டிசத்துக்கும் அங்கேதான் காரணம் என்று வாதாடினார். அடுத்த பத்தாண்டு ஆய்வுகள் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. கிரெகரி ஹிக்காக் 2014-ல் மறுத்து ஒரு புத்தகமே எழுதினார். அந்த விஷயத்தில் ஹிக்காக் பக்கம் நியாயம் அதிகம். அட்டைப் பெட்டி விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணாடி எதனால் வேலை செய்கிறது என்ற விளக்கம் இரண்டு முறை மாறிவிட்டது, எல்லோருக்கும் அது பலிப்பதுமில்லை. ஆனாலும் காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ விரல் போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கண்ணாடியை நிமிர்த்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு, இந்தச் சண்டை முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ராமச்சந்திரன் எழுப்பியவற்றில் மிக விநோதமான கேள்வி இதுவல்ல. 1997-ல் அவரும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் ஒரு பிரேசில்காரரைப் பற்றி எழுதினார்கள். வயது முப்பது. கார் விபத்தில் தலையில் அடி, மூன்று வாரம் நினைவில்லை. விழித்த பிறகு பேச்சு தெளிவு, ஞாபகம் தெளிவு, கணக்கும் தப்பவில்லை. பெற்ற தாயைப் பார்த்தார். அச்சாக என் அம்மாவைப் போலவே இருக்கிறாள், ஆனால் என் அம்மா இல்லை, யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறாள் என்றார். அப்பாவைப் பார்த்தும் அதையே சொன்னார். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் மாறவில்லை.

ஒரு நாள் போன் மணி அடித்தது. பக்கத்து அறையிலிருந்து பேசியவர் அந்த 'வேஷக்கார' அப்பாவேதான். ரிசீவரைக் காதில் வைத்தவர் சொன்ன முதல் வார்த்தை...

(தொடரும்)